நான்காவது புள்ளி

1.

இந்தக் கதை ஒரு தோல்வியில் பிறந்தது. தோற்றவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவி கணித ஆய்வாளர். வேறொரு நகரத்தில் இரண்டாண்டு வேலை. அதற்கான நேர்காணல் திங்கட்கிழமை. சனிக்கிழமை மதியம், தன் ஆய்வை விளக்கி ஒத்திகை பார்க்க என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

(முதலில் எழுதிய தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த" – மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

2.

சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு புள்ளிகள். ஒவ்வொரு ஜோடிப் புள்ளிக்கும் நான் காசு சுண்டினேன். தலை விழுந்தால் அவள் கோடு போட்டாள். பூ விழுந்தால் விட்டுவிட்டாள். (தாளுக்கு அறுபத்தாறு முறை. என் கட்டைவிரலுக்காக வாசகர் அனுதாபப்படலாம்.)

"இது ரெண்டும் வேற வேறன்னு நான் காட்டணும். 'இப்படி ஒரு புள்ளி இருக்கு', 'எல்லாப் புள்ளியும்', 'கோடு இருக்கு', 'இல்ல'. இவ்ளோதான் பேசலாம். முதல்நிலைத் தர்க்கம்னா இதான்."

"விளையாட்டா சொல்லேன்."

"நான் ஒரு தாள்ல ஒரு புள்ளியத் தொடுவேன். நீ அடுத்த தாள்ல ஒண்ணத் தொடணும். தொட்டதுக்குள்ள இங்க கோடு இருந்தா அங்கயும் இருக்கணும். இல்லேன்னா அங்கயும் கூடாது."

"அப்போ என் வேலை?"

"வித்தியாசத்த மறைக்கிறது. உனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே."

3.

இந்தக் கணவன் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். மூன்று வாரமாக "போயிட்டு வா, ரெண்டு வருஷம் என்ன பெரிசு" என்று பல்லைக் காட்டியவன். பெருந்தன்மை என்று எழுதலாமா, அல்லது – வேண்டாம். பயம். வெறும் பயம்.

மூன்று தொடுகை வரை தப்பித்தேன். நான்காவதாக அவள் தொட்ட புள்ளிக்கு, முந்தைய மூன்றோடும் கோடு இருந்தது. என் தாளில் அப்படியொன்று இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினேன். இல்லவே இல்லை.

"மாட்டிக்கிட்டியா? ஆயிரம் புள்ளி இருந்தாலும், பத்துப் பதினஞ்சு தொடுகைக்குள்ள அநேகமா மாட்டிக்குவ. நேர்காணல்ல இப்படிச் சொன்னா புரியுமா?"

"எனக்கே புரிஞ்சுதே." பிறகு, என்னையறியாமல்: "நீ போகாதேயேன்."

அவள் பேனாவை மூடினாள். "மூணு வாரமா இதக் கேக்கத்தான் காத்திட்டிருந்தேன். நான் இருக்கறதும் இல்லாததும் உனக்கு ஒண்ணுதான்னு நெனச்சிட்டேன், லூசு."

"அப்போ போக மாட்டியா?"

"போவேன். ஆனா இப்போ சந்தோஷமா போவேன்."

4.

வேலை கிடைத்துவிட்டது. மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் ரயில் நிலையம், கையசைப்பு – சீ.

இப்போது அவள் தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். "வண்டிக்காரர் கேக்கறார். ஒருத்தர் சாமானா, ரெண்டு பேர் சாமானா?"

நான் சொன்ன பதிலை வாசகரே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை, என் புத்தகங்களை மூட்டை கட்ட வேண்டும்.