நாலு ஓட்டை சார்ஜர்

“உன் ஒயர நான் தொடவே இல்ல சாமி. சும்மா கெடந்த ஓட்டைலதான் சொருகுனேன்.”

“சொருகுனதுனாலதான் மாமா அணைஞ்சுது.”

“அதெப்பிடிக் கண்ணு? ஒரு ஓட்டைல சொருகுனா இன்னொரு ஓட்டைல எப்பிடிப் போவும்? பக்கத்தூட்ல கொழாயத் தொறந்தா நம்மூட்ல தண்ணி நின்னுருமா?”

“நிக்கத்தான் செய்யுது. மேக்க உங்க தோட்டத்துல வால்வத் தொறந்தா எங்கூட்ல சொட்டுத் தண்ணி வாரதில்ல. நான் என்னைக்காச்சும் கேட்டிருக்கனா?”

நான் வீட்டுக்குப் பின்னால், மிளகு காயப்போட்ட களத்தில் கோழிகளை விரட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கோழிச் சத்தம் வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்பதுதான் அந்த அரை மணி நேரத்துக்கு எனக்குக் கொடுத்திருந்த வேலை. உள்ளே சண்டை போட்டவர்கள் என் மனைவி தேன்மொழியும் பக்கத்து வீட்டு மாதண்ணனும். மாதண்ணன் எனக்குப் பெரியப்பா மகன். தேன்மொழி அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி இந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்டதில்லை.

உள்ளே போனேன். மாதண்ணன் போய்விட்டிருந்தார். தேன்மொழி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய். மடியில் ஒரு பலாச்சுளை. எதிரே லேப்டாப் கறுப்பாக இருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கொல்லிமலையில் வளப்பூர் நாடு; சில ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்போம். தேன்மொழிக்கு நாற்பத்து மூன்று வயது. பி.எட். படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை, இங்கிருந்து போக வழியும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குழந்தைகளுக்கு லேப்டாப் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. முதலில் ஒரு டெமோ வகுப்பு எடுக்க வேண்டும். கம்பெனியிலிருந்து யமுனா என்று ஒரு மேடம் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை.

அன்றைக்குக் குழந்தை ஜெர்மனியில் இருக்கும் ஏழு வயதுப் பெண். தேன்மொழி மேசையில் ஒரு பலாப்பழத்தை அரிந்து வைத்துக்கொண்டு, கையில் எண்ணெய் தடவி, பால் ஒட்டாமல் சுளை எடுப்பதைக் காட்டிக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தாள். முதல் சுளையை எடுத்து கேமராவுக்கு நேரே தூக்கினாள். லேப்டாப் அணைந்துவிட்டது.

அந்த லேப்டாப் அவள் தம்பி சசிகுமார் கொடுத்த பழையது. பேட்டரி செத்துவிட்டது. அந்த மாடலுக்கு இப்போது பேட்டரியும் வருவதில்லை. சார்ஜரிலிருந்து கரண்ட் ஒரு நொடி தவறினாலும் அணைந்துவிடும். மறுபடி எழுந்து உட்கார எட்டு நிமிடம் ஆகும். அந்த எட்டு நிமிடத்தில் குழந்தை போய்விட்டது.

யமுனா மேடம் போனில் கூப்பிட்டார். நல்ல மனுஷிதான். “நீங்க சொல்லிக்குடுத்த விதம் ரொம்பப் பிடிச்சிருந்துது. ஆனா பாதில கட்டாகிற டீச்சரை நான் பேரன்ட்ஸ்கிட்ட எப்படிம்மா குடுக்கிறது? அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை பாக்கலாம். அதுக்கு மேல என்னால முடியாது.”

ஏழு நாள் இருந்தது. எனக்கு அன்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

ஏனென்றால் அந்தச் சார்ஜரை வாங்கியது நான். அவசரப்பட்டும் வாங்கவில்லை. இருபது நாள் போனில் பார்த்துப் பார்த்து வாங்கினேன். எங்கள் மலையில் காற்றடிக்கும் மாதங்களில் கரண்ட் போனால் வருவதற்கு ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். எங்கள் வீட்டில் ஒரு சோலார் பெட்டி இருக்கிறது. அதில் ஒரே ஒரு பிளக்தான். நூறு வாட்டுக்கு மேல் இழுத்தால் பெட்டி கத்திவிட்டு மொத்தமாக அணைந்துவிடும். கரண்ட் போனால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் எங்கள் வீட்டுக்குத்தான் போனைக் கொண்டுவருவார்கள். வந்தவர் தண்ணி குடிப்பதற்கு முன்னால் போனைச் சொருகுவார். யாரும் அனுமதி கேட்பது கிடையாது. கேட்டால்தான் தப்பு. ‘என்னப் பொறத்தியாளா ஆக்கீட்டயா’ என்று பேச்சு வரும்.

முன்னால் இருந்த ஒற்றைச் சார்ஜரை யாராவது லேப்டாப்பிலிருந்து பிடுங்கித் தங்கள் போனில் மாட்டிவிடுவார்கள். அதனால்தான் நாலு ஓட்டை உள்ளதாகத் தேடினேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு. மொத்தமே அறுபத்தைந்து வாட். பெட்டிக்கு ஆபத்தில்லை. லேப்டாப் ஒன்றில், அதற்கு நெட் கொடுக்கும் தேன்மொழியின் போன் இன்னொன்றில். மீதி இரண்டும் வருகிறவர்களுக்கு. இனிமேல் யாரும் எதையும் பிடுங்க வேண்டாம், யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டாம் என்று மாதண்ணனிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். “ரெண்டு ஓட்டை உங்களுக்குத்தான் அண்ணா” என்று சொன்னதும் நான்தான்.

அன்றைக்கும் கரண்ட் இல்லை, அவர் அதை நம்பித்தான் வந்திருக்கிறார். வகுப்பு நடக்கிறது என்று சத்தம் காட்டாமல், செருப்பைக்கூட வாசலிலேயே கழற்றிவிட்டு, பூனை மாதிரி வந்து சொருகியிருக்கிறார்.

முதலில் நானும் தேன்மொழி சொன்னதை நம்பவில்லை. அவர் கால் பட்டு ஒயர் ஆடியிருக்கும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை லேப்டாப்பை ஓடவிட்டு நானே ஒரு போனைச் சொருகினேன். அணைந்தது. எட்டு நிமிடம் காத்திருந்து, ஓடிக்கொண்டிருக்கும்போது அதே போனைப் பிடுங்கினேன். அதற்கும் அணைந்தது.

“போதும் உடுங்க. இருக்கறதையும் கெடுத்துப் போட்றாதீங்க” என்றாள் தேன்மொழி.

புதன்கிழமை லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு பையை மடியில் அணைத்துக்கொண்டு பேளுக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்குச் சந்தை இல்லை. முரளி தன் செல்போன் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து மூன்று சார்ஜரை எடுத்து வெளியே வைத்தார்.

“இது நூறு வாட்டுங்க. உங்குளுது சின்னது, அதான் மூச்சு வாங்குது. இதுல பாருங்க.”

லேப்டாப்பை மாட்டினோம். எட்டு நிமிடம். தன் போனைப் பக்கத்து ஓட்டையில் சொருகினார். அணைந்தது.

“ஒருவேளை ரெண்டு ஓட்டையே இருந்தா நிக்குமோ என்னமோ.”

மறுபடி எட்டு நிமிடம். அணைந்தது. மூன்றாவதும் அப்படியே. போனுக்கு உறை வாங்க வந்த ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஏனுங்க முரளி, இந்த லேப்டாப்பக் கொல்றதுக்குன்னே கடையத் தொறந்து வெச்சிருக்கீங்களா?” என்றார்.

முரளி கோபித்துக்கொள்ளவில்லை. “அது பந்தி மாதிரிங்க. சோறு இவ்வளவுதான்னு இருக்குது. புதுசா ஒருத்தரு வந்து உக்காந்தா, எல்லார்த்து எலையையும் ஒருக்கா எடுத்துப்போட்டு மறுக்கா பங்கு வெக்கும். ஒரு செகண்டுதான். பேட்டரி இருக்கற லேப்டாப்புன்னா தெரியவே தெரியாது. உங்குளுது வெறும் வயிறு, அதான் மயங்கி உழுந்துருது.”

“சாப்புட்டுட்டு இருக்கறவன் எலைய எந்த ஊர்ல எடுப்பாங்க?” என்றேன்.

“அதத்தான் இதச் செஞ்சவன்கிட்டக் கேக்கோணும்.”

“அப்பிடி எடுக்காததுன்னு ஒண்ணும் இல்லீங்களா?”

“இருக்குதுன்னு சொல்றாங்க. லேப்டாப் ஓட்டைய மட்டும் தனியா உட்டுட்டு, மத்ததுக்குள்ளயே பங்கு வெக்கறது. ஆனா எதுன்னு அட்டப் பெட்டில எழுத மாட்டேங்கறானுங்க. வாட்டு எழுதறான், எத்தன ஓட்டைன்னு எழுதறான், சொருகுனா அணையுமான்னு ஒருத்தனும் எழுதல. நீங்க பேசாம லேப்டாப்புக்கு ஒண்ணு, போனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சார்ஜரு போட்டுக்கங்க.”

அதை நாங்கள் முன்பே செய்து பார்த்துவிட்டோம். பிளக்கை நீட்டி இரண்டு சார்ஜர் மாட்டினோம். வந்தவர்கள் மூன்று பேர் மொத்தமாகப் போனைப் போட்டதும் பெட்டி கத்தி, விளக்கு உட்பட எல்லாம் போனது. முரளியிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். சார்ஜர் எதையும் எடுக்காமல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுருள் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மேலே ஏறும்வரை அந்தச் சுருளைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் காற்று எழும்பியது. சாயங்காலத்துக்குள் கரண்ட் போய்விட்டது. சனிக்கிழமை மதியமும் வரவில்லை. வகுப்பு நாலரை மணிக்கு. மூன்று மணிக்கே லேப்டாப்பை ஓடவிட்டு, நெட்டுக்கான போனையும் மாட்டி, மீதி இரண்டு ஓட்டையின் மேலும் டேப்பை ஒட்டினேன். ஒரு சுற்று போதாது என்று இரண்டு சுற்று சுற்றினேன். தேன்மொழி அதைப் பார்த்தாள். சேலையை இரண்டு தடவை மாற்றினாள்.

நாலு மணிக்கு மாதண்ணன் மனைவி குப்பாயி அக்கா வந்தார். வழக்கம்போல நேரே உள்ளே வந்து, கையில் போனோடு மேசைப் பக்கம் போனார்.

“அக்கா, இப்ப வேண்டாம். அஞ்சரைக்கு மேல வாங்க.”

அப்படி ஒரு வார்த்தையை இந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே என் குரல் வேறு மாதிரி கேட்டது. அக்கா குனிந்து சார்ஜரைப் பார்த்தார். டேப்பின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. விரலால் அதை அமுக்கிவிட்டார்.

“ஒட்டீட்டீங்களா. செரி தம்பி. நல்லபடியா நடக்கட்டும்” என்றார். நான் உட்காருங்கள் என்று சொல்வதற்குள் படி இறங்கிவிட்டார்.

வகுப்பு நடந்தது. நான் களத்துக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இந்தத் தடவை வேறு குழந்தை, அதே ஜெர்மனியில் ஒரு பையன். உள்ளே “ஒட்டுதா?” என்று தேன்மொழி கேட்கிறாள். “ஒட்டுது டீச்சர்” என்று ஜெர்மனியிலிருந்து சத்தம் வருகிறது. அவனுக்கு அங்கே ஏது பலாப்பழம், அவன் கையில் எது ஒட்டியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஐந்து மணி அடித்ததும் கதவைத் தள்ளினேன். தேன்மொழி எண்ணெய்க் கையோடு கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து தினமும் இரண்டு வகுப்பு என்று யமுனா மேடம் சொல்லிவிட்டாராம்.

அவள் அழுது நான் பார்த்தது உண்டு. அப்படிச் சிரித்துக்கொண்டே அழுததைப் பார்த்ததில்லை.

அஞ்சரைக்கு டேப்பைப் பிரித்து வைத்தேன். குப்பாயி அக்கா வரவில்லை. ஆறு மணிக்கு நானே போனேன். மாதண்ணன் மரத்தடியில் நின்று, வெட்டி அடுக்கியிருந்த பலாப்பழங்களைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, போனக் குடுங்க. சார்ஜ் போட்டுத் தாரேன்.”

“இனி என்னத்துக்குப்பா. பழம் ஏத்தற லாரிக்காரன் மத்தியானமே மேல ஏறீட்டானாம். எஞ் செத்த போனுக்கு அஞ்சு மணிவரைக்கும் பண்ணிப் பண்ணிப் பாத்துட்டு, அக்கட்டப் பைல் நாட்டுல லோடு ஏத்தீட்டுப் போயிட்டான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தாப் பிரிச்சு உட்டிருப்பயா?”

பிரித்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

“உடு, உம் பொண்டாட்டிக்கு வேல கெடச்சுதா?”

“கெடச்சுதுங்கண்ணா.”

“ம். அதுவாச்சும் ஆச்சே.” சாக்கின் ஓரத்தில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். அதை அவர் குத்திச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார். அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. தேன்மொழி தினமும் வகுப்பு எடுக்கிறாள். இந்த மூன்று வாரத்தில் நாலு தடவை கரண்ட் போனது. நாலு தடவையும் நான் டேப் ஒட்டினேன், வகுப்பு முடிந்ததும் பிரித்தேன். இப்போது வருகிறவர்கள் வாசலில் நின்று “சொருகலாமா?” என்று கேட்கிறார்கள். மாதண்ணன் வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. கரண்ட் போனால் அவர் போனை எடுத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்திலுள்ள டீக்கடைவரை நடந்துபோய்ச் சார்ஜ் போட்டுவிட்டு வருகிறார். எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போகிறார்.

நேற்று தேன்மொழி கேட்டாள். “அந்த டேப்பக் கழட்டி எறியற மாதிரி ஒரு சார்ஜரே இல்லீங்களா இந்த ஒலகத்துல?”

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். மறுபடி ஒன்றை நம்பி வாங்கிக்கொண்டுபோய் மாதண்ணனிடம் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் சார்ஜரின் அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று தயவுசெய்து எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களிடம் இரண்டு மூன்று ஓட்டை உள்ள சின்னச் சார்ஜர் இருந்தால், பேட்டரி செத்த லேப்டாப் ஒன்றை அதில் ஓடவிட்டு, ஓடும்போதே பக்கத்து ஓட்டையில் ஒரு போனைச் சொருகுங்கள். பிறகு பிடுங்குங்கள். இரண்டுக்கும் அணையாமல் நின்றால், அது எந்தச் சார்ஜர், மொத்தம் எத்தனை வாட், நீங்களே கண்ணால் பார்த்தீர்களா என்று கீழே எழுதுங்கள். எங்கள் நூறு வாட் சோலார் பெட்டி தாங்க வேண்டும். அடுத்த காற்றுக்குள் பதில் வந்தால் நல்லது.