கனத்த கோதுமை

பேட்டரி தொழிற்சாலைக்குக் கீழ்ப்புறம் கோதுமை பயிரிட்டவன் மூன்றாவது அறுவடைக்குப் பிறகு தரைக்குள் இறங்க ஆரம்பித்தான். முதலில் பாதம், பிறகு கணுக்கால். சிமெண்டுத் தரையும் அவன் கனத்தைத் தாங்கவில்லை.

விதை கொடுத்தவள் அவனுடைய அக்கா. விதை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். தொழிற்சாலையை மூடியும் அதன் கழிவுநீர் விட்டுப்போன காட்மியம் என்ற கன உலோக நஞ்சு மண்ணைவிட்டுப் போகவில்லை; தம்பி எதை விதைத்தாலும் வேர் கருகிப் பயிர் மஞ்சளாகிப் படுத்துவிடும். அந்த மண்ணை மூட்டையாகக் கொண்டுபோய், கைக்குக் கிடைத்த ரகங்களையெல்லாம் தொட்டிகளில் விதைத்துப் பார்த்தாள். இரண்டு மட்டும் தேறின. ஒன்று நெஞ்சுயரம், கரும்பச்சை. மற்றது முழங்காலைத் தாண்டாத சோனி.

"சோனிய வெச்சு நான் என்னக்கா பண்றது? நெட்டையக் குடு" என்றான் தம்பி.

சோனி உலோகத்தை வேரிலேயே தடுத்துவிடும் ரகம். நெட்டையோ அதை மணிவரை ஏற்றிக்கொண்டும் வாடாமல் நிற்கும் ரகம். மணியைச் சோதித்திருந்தால் அக்காவுக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் அதற்குள் விதைப்புக்காலம் போய்விடும். தம்பியின் முகத்தைப் பார்த்தாள், கொடுத்துவிட்டாள்.

விளைச்சல் அமோகம். விற்றது மாவு ஆலையில் ஊர்ப்பட்ட கோதுமையோடு கலந்து கரைந்துபோனது. அவன் மனைவிக்கோ கோதுமையே ஒத்துக்கொள்ளாது. தன் வயல் ரொட்டியை மூன்று வேளையும் பெருமையாகத் தின்றவன் அவன் ஒருவன்தான். சோதிக்கிறேன் சோதிக்கிறேன் என்று தள்ளிப்போட்ட அக்கா, கடைசியில் சோதனை முடிவு கைக்கு வந்ததும் ஓடி வந்தபோது அவன் வயல் நடுவில் முழங்கால்வரை இறங்கியிருந்தான். அக்கம்பக்கத்தார் கூடி இழுத்தார்கள். கயிறுதான் அறுந்தது.

"நான் பொறுத்திருக்கணும்டா."

"நான்தானே அவசரப்படுத்தினேன். அழாதக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த பருவம் சோனியை விதைத்தார்கள். பாதி விளைச்சல், சுத்தமான மணி. இடுப்போடு அவன் இறங்குவது நின்றது, மேலே வருவது மட்டும் நடக்கவில்லை. மனைவி அவனுக்கு மேலே தகரக் கூரை போட்டாள். தபால்காரர் குனிந்து கொடுக்கப் பழகினார். உழ வருகிறவர் அந்த இடம் வந்ததும் யாரும் சொல்லாமலே ஸ்டியரிங்கை ஒடித்து, ஒரு வட்டம் விட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வந்து எதிரே மண்ணில் சம்மணமிட்டு உட்காருவாள். அப்படி உட்கார்ந்தால் இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்.