ஒன்பது இஞ்சிச் சுவர்

“அன்ரி, உங்கட வீட்டை ஆர் கட்டினது, நேவியோ?” என்று றெக்சன் ஒருமுறை அஞ்சலீனாவிடம் கேட்டான். அகதிகளாக வந்து சேர்ந்த கிரான்பர்ன் புறநகரில் அவர்களுடைய வாடகை வீட்டு வரவேற்பறையில் திரைச்சீலைக் கம்பி பூட்ட வந்தவன், துளையிடும் கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்த பிறகு பகிடியாகத்தான் கேட்டான். மன்னார்க் கடலில் தொழில் செய்த காலத்தில், நேவியின் கடற்படைப் படகைக் கண்டாலே வலையை அறுத்துவிட்டு ஓடிய அவளுடைய கணவர் பொனிபஸ் கதிரையை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அப்போதே அந்தச் சுவர் ஒன்பது இஞ்சித் தடிப்பில் இரும்பாகியிருந்தது. வீடு போர்க்கப்பலாக மாறிக்கொண்டிருந்தது.

படகில் வந்தவர்களுக்குத் தற்காலிக விசாதான் கிடைத்திருந்தது. திருப்பி அனுப்ப வருகிறார்கள் என்று பொனிபஸ் பயந்த முதல் நாளில் கதவைத் தட்டியவன், விலாசம் மாறி பீட்சா கொண்டுவந்த பையன். அன்று குசினிச் சுவரில் முதல் தகடு ஏறியது. அதன்பின் யார் தட்டினாலும் ஒரு தகடு கூடியது. பின்வளவில் இரண்டு புகைபோக்கிகள் முளைத்தன. முன்னுக்கு இரண்டும் பின்னுக்கு இரண்டுமாகப் பெரிய பீரங்கிகள் வந்தன, பக்கங்களில் சின்னப் பீரங்கிகள் வந்தன. கவசம் நடுவில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் இருந்தது. எல்லா இடமும் ஒரேயளவு இரும்பு போட்டால் கப்பல் தாழ்ந்துவிடும். அதனால் கப்பலின் முன்முனையான அணியத்தில் இருந்த மகள் டிலக்சியின் அறைக்கு ஒரு தகடும் கிடைக்கவில்லை, அவளுக்குப் பழைய பலகைச் சுவர்தான். கவுன்சிலிலிருந்து வந்தவர் குப்பைத் தொட்டிகள் சரியான நிறத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போனார். அறைகள் கூடிவிட்டதாகச் சொல்லி வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினார். அஞ்சலீனா புகை படாத பக்கத்தில் உடுப்புக் காயப்போடப் பழகினாள். பொனிபஸ் கோழித் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் உச்சியிலிருந்த இரும்புக் கூட்டுக்குள் ஏறி, கையளவு நீக்கலால் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பத்து வருடத்துக்கு மேல் அப்படி நின்றார். எதிரி வரவில்லை.

நிரந்தர விசா வந்த மறுநாள் காலை கப்பல் முழுவதும் துருப்பிடித்திருந்தது. றெக்சன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான்: “இது அந்தக் காலத்து மொடல், அன்ரி. புதுசு ஒண்டு வந்த உடன இதுகள் எல்லாம் பழசாப் போச்சாம். கனக்கச் சண்டையும் பிடிக்கேல்ல. உடைச்சு இரும்புக்கு வித்துப்போட்டாங்கள்.”

அஞ்சலீனா ஏணியில் ஏறிப்போய்க் கூப்பிட்டாள். “இறங்கி வாங்கோப்பா. இனி ஆரும் வரமாட்டினம்.”

“வாறன், வாறன். நீ போ, தேத்தண்ணி ஆறப்போகுது.”

அவர் வரவில்லை. கூட்டின் கதவு துருவில் இறுகிப்போனது. றெக்சன் இரும்பு வெட்டும் மெசினோடு ஏறி மத்தியானம்வரை பாடுபட்டான், ஒரு கீறலும் விழவில்லை. அதன்பின் சோறும் தேத்தண்ணியும் நீக்கல் வழியாகப் போயின. துருவில் நீக்கல் ஒடுங்க ஒடுங்க அஞ்சலீனா சின்னக் கோப்பைகளாகப் பார்த்து வாங்கினாள்.

டிலக்சிக்கும் றெக்சனுக்கும் கலியாணம் முற்றானபோது அஞ்சலீனா கேட்டது ஒன்றே ஒன்றுதான். கோவிலுக்குப் புறப்படும் மகளின் நெற்றியில் தகப்பன் வாசலில் நின்று சிலுவை அடையாளம் போட வேண்டும், அதுக்காவது இறங்கி வாங்கோ என்றாள். ஓம் என்று சத்தம் வந்தது. கலியாணக் காலையில் வாசலில் விரித்த வெள்ளைத் துணியில் மகளோடு நெடுநேரம் காத்து நின்றாள். உச்சியில் இரும்பை உள்ளேயிருந்து கையால் குத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“கார் வந்திட்டுது, மம்மி,” என்றாள் டிலக்சி. காருக்குப் போகாமல், வெள்ளைச் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். அஞ்சலீனா பின்னாலேயே ஏறினாள். டிலக்சி நெற்றியை நீக்கலோடு சேர்த்து வைத்தாள். உள்ளே மூச்சு வாங்கியது. பிறகு ஒரு பெருவிரல் வெளியே வந்து, மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் மெல்ல இழுத்தது. விரல் உள்ளே போனபோது அவள் நெற்றியில் துருவால் ஒரு சிலுவை இருந்தது. அஞ்சலீனா சீலைத் தலைப்பால் துடைக்கக் கையெடுத்தாள். டிலக்சி அந்தக் கையைப் பிடித்துக் கீழே விட்டாள். ஏணியால் இறங்கி, அணியத்தின் பலகைக் கதவைத் திறந்துகொண்டு காருக்குப் போனாள்.