படகை நடுவில் விட்டவர்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் வாய் கொடுத்தவர்கள் லேசில் தப்ப முடியாது. கம்பிவடத்தில் தொடங்கினாலும் கர்த்தரில் தொடங்கினாலும் மூச்சு விடாமல் பேசுவார். சபையில் ஊழியத்துக்கு ஆள் பிரித்தபோது பாஸ்டர் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, அங்கே இருக்கும் லிஃப்டுகளை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காவலாளியிலிருந்து டாக்டர் வரை எல்லாருக்கும் தெரிந்த முகம்.

“உங்களை கேட்ல யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க,” என்றார் பாஸ்டர். “வியாழக்கிழமை உங்களுக்கு அரை நாள் லீவுதானே, மத்தியானம் போயிட்டு வாங்க. ஆனா டூல்ஸ் பையை மட்டும் வீட்ல வச்சிட்டுப் போங்க.”

பாஸ்டர் சொன்னதில் விஷயம் இருந்தது. மூன்றாவது மாடியில் நாள்பட்ட நோயாளிகளின் வார்டுக்கு வேதப்புத்தகத்தோடு போய் நின்றால், ரெண்டாம் நம்பர் லிஃப்ட் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்றுதான் முதலில் கேட்டார்கள். ஒருவர் சார்ஜர் வாங்கி வரச் சொன்னார். இன்னும் இரண்டு பேர் அவர் தலையைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். அப்படித் தள்ளித் தள்ளி, கடைசியில் ஜன்னலோரக் கட்டிலருகே போய்ச் சேர்ந்தார். அங்கே கிடந்தவர் ஒரு கொத்தனார். சாரம் சரிந்து விழுந்து, தலையிலும் முதுகுத்தண்டிலும் அடி. கை, கால், பேச்சு எல்லாம் போய், கண்ணும் இமையும் மட்டும்தான் மிச்சம். போர்வையை இழுத்து மூடிக்கொள்ள முடியாத ஒரே ஆள் அவர்தான். உண்மையைச் சொன்னால் அதனால்தான் மெக்கானிக் அங்கே உட்கார்ந்தார்.

கொத்தனாரின் மனைவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு புண்ணாகாமல் இருக்க அவரை அப்படியும் இப்படியும் திருப்பிப் படுக்கவைப்பதும், மூக்குக் குழாயில் பால் ஊற்றுவதும்தான் அவளுடைய முழுநேர வேலை. சாமி விஷயத்தில் அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

“படிக்கிறதா இருந்தா படிங்க தம்பி. என்னை எதுவும் கேக்காதீங்க. எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு.”

“நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. காதுல விழுந்தா போதும்.”

இயேசுவின் கதையைப் பிறப்பிலிருந்து தொடங்கி வாரம் ஒரு துண்டாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஊழியப் பயிற்சி வகுப்பில் அவருக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கதையை ஒருபோதும் முழுசாக முடித்துவிடக் கூடாது, உயிர் போகிற இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும், அப்போதுதான் கேட்கிறவன் அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பான். மெக்கானிக்குக் கதை சொல்வதைவிட நிறுத்துவது இன்னும் நன்றாக வந்தது. கொத்தனார் கண்ணைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டே கிடப்பார். சிரிப்பில்லை, அழுகையில்லை. சொல்லி முடித்து எழுந்தால் அப்போதும் அதே பார்வைதான்.

ஞாயிறு சாயங்காலம் சபைக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஊழியக்காரர்கள் கூடுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன கனி, அதாவது ஊழியத்தின் பலன், கிடைத்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். மில் குவார்ட்டர்ஸுக்குப் போகிற குழுவின் தலைவர் ஒரு தையற்கடைக்காரர். இயேசுவை ஏற்றுக்கொள்கிறோம் என்று எத்தனை கை உயர்ந்தது, யார் யார் கண்ணீர் விட்டார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல அறையே ஸ்தோத்திரம் போடும். அதற்கடுத்து மெக்கானிக்கின் முறை வரும். ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவருக்கு அங்கே மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“படிச்சேன். கண்ணைத் தொறந்து பாத்துக்கிட்டே இருந்தார்.”

“தலையாவது ஆட்டினாரா பிரதர்?”

“அவரால ஆட்ட முடியாதே.”

“அப்ப நீங்க சுவர்கிட்ட பேசிட்டு வர்றீங்க,” என்றார் தையற்கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார், ஆனால் அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போய் அன்றைக்கு மனைவியிடம்கூட அதிகம் பேசவில்லை. உடம்புக்கு என்னவோ என்று அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வியாழன் அவர் படகுக் கதையை எடுத்தார். சுவருக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்று வைராக்கியத்தோடு போயிருந்தார். காற்றைச் சொன்னார், அலையைச் சொன்னார், சீடர்கள் கையில் கிடைத்ததை எடுத்துத் தண்ணீரை இறைத்து இறைத்து ஓய்ந்துபோனதைச் சொன்னார். பால் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த கொத்தனாரின் மனைவி கழுவுவதை நிறுத்தியதைக் கவனித்தார்.

“படகு முழுகப் போகுது. இயேசுவோ பின்பக்கத்துல தலையணை போட்டுத் தூங்கிட்டிருக்கார். ஐயா, நாங்க சாகப் போறோம், உங்களுக்குக் கவலையே இல்லையான்னு கத்துறாங்க.” குரலைத் தாழ்த்தினார். “எழுந்தாரா, எழுந்திருக்கலையா? அடுத்த வாரம் சொல்றேன்.”

புத்தகத்தைப் படக்கென்று மூடிக்கொண்டு எழுந்தார். இந்த நிறுத்தம் மாதிரி இதுவரை அமைந்ததில்லை என்று படியிறங்கும்போது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிறு பாஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். குவார்ட்டர்ஸில் கூட்டம் சேருகிறது, பேசத் தெரிந்த ஆள் போதவில்லை, வியாழக்கிழமை அங்கே வந்தால் நன்றாயிருக்கும் என்றார். ஆஸ்பத்திரியைக் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாமாம். மெக்கானிக் யோசிப்பதுபோல் தாடையைத் தடவினார். யோசிக்கவெல்லாம் இல்லை, அவருக்கு உள்ளுக்குள் கால் தரையில் பாவவில்லை.

குவார்ட்டர்ஸில் அவர் வெளுத்துக் கட்டினார். கைகள் உயர்ந்தன, பெண்கள் அழுதார்கள், ஞாயிறு சாயங்காலம் அவர் முறை வந்தபோது ஸ்தோத்திரம் அறையைப் பிளந்தது. அடுத்த வாரமும் கைகள் உயர்ந்தன. அதற்கும் அடுத்த வாரம் பார்த்தால் உயர்ந்தவை முதல் வாரத்துக் கைகளேதான். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற மரியாதைக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு மில்லில் ஷிஃப்ட் மாறியது, கூட்டம் கரைந்தது. கனி வற்றிவிட்டது என்று சொல்லித் தையற்கடைக்காரர் குழுவை ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம் மாற்றினார். அங்கே இன்னும் இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்குக் கையில் வேலை இல்லாத ஒரு வியாழன் வந்தது. அப்போதுதான் அவருக்குக் கொத்தனாரின் ஞாபகம் வந்தது. இதை இப்படிச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

வார்டில் எதுவும் மாறவில்லை. அதே கட்டில், அதே ஸ்டூல். கொத்தனார் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்கி மெக்கானிக் பார்த்ததே இல்லை.

“பரவால்ல, தூங்கட்டும்க்கா. கொஞ்சம் இருந்து பாக்கறேன்.”

கொத்தனாரின் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குரலில் கோபம்கூட இல்லாதது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

“இவர் மத்தியானமெல்லாம் தூங்குவார் தம்பி. அடிபட்டு வந்ததுலேருந்தே அப்படித்தான். பால் ஊத்தினதும் கண்ணை மூடினா வெளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.”

“நான் வர்றப்பல்லாம் முழிச்சுக்கிட்டுதானே இருந்தார்?”

“நீங்க வர்ற அன்னைக்கு மட்டும்தான் முழிச்சிருப்பார்.”

மெக்கானிக் கட்டில் பக்கம் திரும்பினார்.

“வேற நாள்ல வந்து பாத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றாள். “வியாழக்கிழமை எப்படித்தான் தெரியுமோ, வார்டு சிஸ்டர் அன்னைக்கு விரிப்பு மாத்தறதை வச்சுத் தெரிஞ்சுக்குவார்போல. இமை சொக்கும், கஷ்டப்பட்டுத் தொறப்பார். மறுபடி சொக்கும், மறுபடி தொறப்பார். அவ்வளவு பாடுபட்டு முழிச்சிருந்தார் மனுஷன்.”

இத்தனை நாள் அவர் சபையில் போய் ஒன்றுமில்லை என்று சொன்னது இதைத்தான். கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான் என்று.

“நீங்க வராத முதல் வாரம் முழிச்சிருந்தார். அடுத்த வாரமும் முழிச்சிருந்தார். அப்புறம் ஒருநாள் லிஃப்ட் ரிப்பேர்னு கதவைத் தொறந்து போட்டிருந்தாங்க. எட்டிப் பாத்தா நீங்க லிஃப்ட் மேல நின்னு கிரீஸ் போட்டுக்கிட்டிருக்கீங்க. அன்னைக்கும் வியாழக்கிழமைதான்.”

மெக்கானிக்குக் காது சூடானது. அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அவசர வேலை என்று கூப்பிட்டிருந்தார்கள். முடித்துவிட்டுக் குவார்ட்டர்ஸுக்கு ஓட வேண்டும். மூன்றாவது மாடிக் கதவுக்கு நேராக நின்றபோது, ஒரு எட்டு உள்ளே போய்ப் பார்த்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டார்.

“ஓடி வந்து இவர்கிட்ட சொல்லிட்டேன், தம்பி வந்துட்டார், இதோ கைகழுவிட்டு வருவார்னு. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். சாயங்காலம் வரைக்கும் கதவுப்பக்கமே பாத்துக்கிட்டிருந்தார். அடுத்த வியாழக்கிழமை பால் ஊத்தினேன். தூங்கிட்டார்.”

“நீங்களாவது மிச்சக் கதையைச் சொல்லியிருக்கலாமேக்கா.”

“எனக்கு எங்க தெரியும்? அவர் எழுந்திரிச்சு எல்லாரையும் காப்பாத்திட்டார்னு நானா சொல்லிப் பாத்தேன். என் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்ல. அடிபட்ட நாள்லேருந்து எல்லாம் சரியாயிடும்னு நான்தானே சொல்லிக்கிட்டிருக்கேன். என் பேச்சை எப்படி நம்புவார்?”

லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் ஆளோடு நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிற மெக்கானிக்கைச் சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார்கள். இது அவருக்குத் தெரியாததா? இவர் ஒரு மனுஷனை நடுக்கடலில், முழுகப் போகிற படகில், தூங்குகிறவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிற நேரத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டிலோரம் குனிந்தார்.

“ஐயா. நான்தான் வந்திருக்கேன். அவர் எழுந்துட்டார் ஐயா. காத்தை அதட்டினார், நின்னுபோச்சு. கடல் அப்படியே அடங்கிப்போச்சு. யாரும் முழுகல.”

கொத்தனாரின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னார். கொஞ்சம் உரக்கச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

“இது ஆஸ்பத்திரி,” என்று சிஸ்டர் வந்து அதட்டினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். “முந்தி மாதிரி இல்ல சார். இப்பல்லாம் பெரும்பாலும் தூக்கத்துலயேதான் இருக்கார். டாக்டரும் இனிமே இப்படித்தான்னு சொல்லிட்டார். காதுல விழுதா இல்லையான்னு யாரும் சொல்ல முடியாது.”

கொத்தனாரின் மனைவி விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நீவுவதற்கு அங்கே சுருக்கம் எதுவும் இல்லை.

“இவ்வளவுதானா தம்பி கதை?” என்றாள். “எழுந்தார், காத்து நின்னுபோச்சு. அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்க்கா.”

“இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிடும்? அன்னைக்கே சொல்லிட்டுப் போயிருக்கலாம்.”

வித்தை, வகுப்பு, கனி என்றெல்லாம் அவளிடம் எந்த வாயால் சொல்வது? பிடித்திருந்த கையை விரிப்பின்மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

“நான் இனிமே வந்தா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமாக்கா?”

“நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.” அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள். “ஒருநாள் முழிச்சுப் பாத்தார்னா, அன்னைக்குப் பாத்து நீங்க இல்லாமப் போயிடக் கூடாது. அதான் என் கவலை.”

அடுத்த வியாழன் போனார். அதற்கடுத்த வியாழனும் போனார். அதே படகுக் கதையைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, எங்கேயும் நிறுத்தாமல் முடிவுவரை சொன்னார். கொத்தனாரின் இமை அசையவில்லை. ஒருமுறை அசைந்ததுபோல் தெரிந்து மெக்கானிக் எழுந்தே விட்டார். ஜன்னல் திரை காற்றில் ஆடி, நிழல் முகத்தில் விழுந்திருந்தது. எந்தக் கோளாறென்றாலும் எங்கே கழற்றி எங்கே மாட்டுவது என்று தெரிந்த மனுஷர், அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாட்கள் போகப் போக அவள் அவருக்கும் ஒரு ஸ்டூல் எடுத்து வைக்கத் தொடங்கினாள், அவ்வளவுதான் நடந்தது.

ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம் இடம் கிடைத்துவிட்டதாகப் பாஸ்டர் சொன்னபோது, வியாழக்கிழமை தன்னால் முடியாது என்றார். ஞாயிறு சாயங்காலம் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. தையற்கடைக்காரர் உயர்ந்த கைகளைப் பற்றிச் சொல்லி உட்கார்ந்தார். ஸ்தோத்திரம் அடங்கியதும் பாஸ்டர் மெக்கானிக்கைப் பார்த்தார்.

“இந்த வாரமும் போனேன்,” என்றார் மெக்கானிக். “தூங்கிக்கிட்டுதான் இருந்தார்.”

மேலே ஏதாவது வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.