ஊதா நிற வைக்கோல் போர்

சைமா பகுதிநேர ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க மலைகளைப் பார்த்தே ஓய்ந்து போனாள். எதை வரையச் சொன்னாலும் பிள்ளைகள் இரண்டு முக்கோண மலையைப் போட்டார்கள். நடுவில் அரைச் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை, கீழே வளைந்து போகும் ஆறு. விருத்தாசலத்துக்கு ‘அசலம்’ என்று பெயரில்தான் மலை இருக்கிறது. கண்ணில் ஒரு மேடுகூடத் தட்டுப்படாது.

திங்கட்கிழமை அவள் சில படங்களை அச்செடுத்து வந்து பலகையில் ஒட்டினாள். மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த வைக்கோல் போர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பனி விழும்போது ஒன்று.

“ஒரே போர எதுக்கு மிஸ் இத்தினி வாட்டி வரைஞ்சாரு?” என்றான் பாரி. “அவருக்குப் போரடிக்கலையா?”

வகுப்பே சிரித்தது. சைமாவுக்கும் அடக்க முடியவில்லை.

“வெளிச்சம் மாறும்போது போரும் மாறுதுல்ல? அந்த வெளிச்சம் போறதுக்குள்ள அவசர அவசரமா வரைஞ்சாரு.”

ஆறாம் வகுப்பு வெண்பா எழுந்து நின்றாள். அடிஸ்கேல் இல்லாமல் ஒரு கோடும் இழுக்காத பெண். எதை வரைந்தாலும் பாதியில் அழித்துவிடுவாள். அவளுடைய நோட்டில் படங்களைவிட ஓட்டைகள் அதிகம்.

“போரு மஞ்சளாத்தான மிஸ் இருக்கும்? இவரு ஊதா அடிச்சிருக்காரு. தப்பு.”

“சரி, நாமளே போயிப் பாத்துடுவோம்” என்றாள் சைமா.

பள்ளிக்கூடத்து வேலிக்கு அந்தப் பக்கம் கொளஞ்சியம்மாளின் களம். அறுப்பு முடிந்து அவள் போட்டிருந்த போர், பின்னால் தெரிந்த பீங்கான் கம்பெனிக் கொட்டகைகளுக்குச் சமமாக நின்றது. செவ்வாய் காலையில் ஒரு படம், புதன் மதியம் ஒன்று, வியாழன் சாயங்காலம் ஒன்று என்று திட்டம். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சுவரில் மாட்டிப் பெற்றோருக்குக் காட்டுவதாகத் தலைமையாசிரியர் கோகுலகிருஷ்ணனிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

செவ்வாய் காலை பதினெட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து போரையே பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள் இடுப்பில் கையை வைத்தபடி வந்தாள்.

“என்னாத்துக்கு எல்லாரும் எம் போரயே மொறச்சிக்கினு இருக்கீங்க?”

“படம் வரையறோம்க்கா” என்றாள் சைமா.

“நல்லா வரைஞ்சீங்க. இத்தினி கண்ணு பட்டா எம் போரு என்னாவறது?”

மறுநாள் மதியம் போரின் உச்சியில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. முறுக்கு மீசை, வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பாரி தாள் முழுக்கப் பூசணிக்காயையே வரைந்துவிட்டு, தாளின் அடியில் போருக்கு ஒரு விரல் அகலம்தான் விட்டான். வேலியோரமாக எட்டிப் பார்த்த கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ரெண்டு நாளு இடுப்பொடிய போட்ட போருடா அது! அத இத்துணூண்டா வரைஞ்சி வச்சிருக்கியே!”

வெண்பா அன்றும் ஒன்பது தடவை அழித்தாள். கடைசியில் தாள் கிழிந்தது.

வியாழன் சாயங்காலம் மணி அடித்ததும் எல்லோரும் அட்டையும் வண்ணமுமாக வேலிக்கு ஓடினார்கள். அங்கே டிராக்டர் நின்றது. போரில் பாதி டிரெய்லர் மேலே ஏறிவிட்டது. பூசணிக்காய் என்ஜின் மேல் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்து நாக்கை நீட்டியது.

சைமா வேலியை எட்டிப் பிடித்தாள். “அண்ணே, ஒரு மணி நேரம் கழிச்சி ஏத்தக் கூடாதா?”

“ஆவாது டீச்சர்” என்றான் டிராக்டர்காரன் கார்முகில். “கம்பெனில பீங்கான் பொம்மைங்கள வைக்கல்ல சுத்திப் பொட்டி கட்டணும். காலைல லாரி வந்துடும்.”

பிள்ளைகளின் கையிலிருந்த அட்டைகள் தாழ்ந்தன. கொளஞ்சியம்மாள் அந்தப் பதினெட்டு முகங்களையும் ஒருமுறை பார்த்தாள்.

“கார்முகிலு, எறங்கு. டீ குடிச்சிட்டு ஏத்தலாம்.”

“இப்பத்தான்க்கா குடிச்சிட்டு வந்தோம்.”

“நான் ஒன்ன கேக்கல. குடின்னு சொல்றேன்.” பிறகு சைமாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “சீக்கிரம் வரையட்டும் டீச்சரம்மா. டீக்குப் பாலே இனிமேதான் கறக்கணும்.”

“உட்காருங்க, உட்காருங்க!” என்று கத்தினாள் சைமா.

“மிஸ், பாதி போர எப்பிடி வரையறது?”

“பாதியாவே வரை!”

“மிஸ், ரப்பர் வச்சிக்கலாமா?” இது வெண்பா.

“ரப்பருக்கு நேரம் கிடையாது!”

வெண்பா ரப்பரைக் கீழே வைத்தாள். பிறகு அடிஸ்கேலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மேற்கே சாய்ந்த வெயில் போரின் ஒரு பக்கத்தைச் சிவக்க வைத்திருந்தது. நிழல் விழுந்த மறுபக்கத்தை அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“மிஸ், இங்க வாங்களேன். அந்தப் பக்கம் ஊதாவாத்தான் இருக்குது.” ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவள்போல் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தூரிகை போதாமல் விரலால் பூசினாள். விரல் போதாமல் உள்ளங்கையை வைத்தாள். பால் கறந்து, டீ கொதித்து, கார்முகில் ஊதி ஊதிக் குடித்து, மீதி வைக்கோலும் ஏறி, டிராக்டர் உறுமியது. மற்றவர்கள் எழுந்து கையாட்டினார்கள். வெண்பா மட்டும் வண்டி போகிற திசையிலேயே கையைத் தாளில் இழுத்தாள். காற்றில் பறந்த இரண்டு வைக்கோல் துரும்புகள் ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொண்டன. அவள் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோகுலகிருஷ்ணன் சார் சுவரோரமாக நடந்து வந்து வெண்பாவின் படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“இது என்னம்மா? எங்கயாச்சும் தீப்புடிச்சிருக்கா?”

சைமா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து கொளஞ்சியம்மாளின் குரல் வந்தது. துவைத்த புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தாள்.

“நல்லாப் பாருங்க சார். எம் போரு கெளம்புது.”

சார் மறுபடி பார்த்தார். “அட, ஆமாம்” என்றார்.

கொளஞ்சியம்மாள் படத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். “யாரு பாப்பா இது வரைஞ்சது? நீயா? எனக்குக் குடுத்துடேன், வூட்ல மாட்டிக்கறேன்.”

“தர மாட்டேன்” என்றாள் வெண்பா.

சைமா கண்டித்திருக்க வேண்டும். ஆனால் தன் படத்தைத் தானே அழித்துவிடுகிற பெண் அப்படிச் சொன்னதைக் கேட்டதும், படத்தின் மூலையை இன்னொரு முறை சுவரில் அழுத்திவிட்டாள்.

“அடியாத்தி! எம் போரு, எனக்கே இல்லையா?”

“வேற ஒண்ணு போட்டுத் தரேன், பெரியம்மா.”

“அதான் போரே போயிடிச்சே.”

“அடுத்த அறுப்புக்குத் திரும்பப் போடுவீங்கல்ல? அப்ப வரேன்.” வெண்பா நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தாள். “உங்களுக்கு எந்த நேரத்துப் போரு வேணும்?”

கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. மோவாயில் விரலை வைத்து யோசித்தாள்.

“விடியக்காத்தால, பனியில நனைஞ்சிருக்கும் பாரு, அது” என்றாள். “அஞ்சரைக்கெல்லாம் வந்துடணும். லேட்டா வந்தா நான் பொறுப்பில்ல.”