ரூஃபஸ் பேரில் ஒரு மயில்

டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களுக்கு ஆன்லைனில் ஏதோ ஆக்டிவிட்டி கிளாஸ் நடக்கிறது, பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள் என்று சர்ச்சில் யாரோ சொன்னார்கள். மறுநாளே என் அக்கா ஜெயலீலா தன் மகன் ரூஃபஸைச் சேர்த்துவிட்டாள்.

ரூஃபஸுக்கு இருபத்தொன்பது வயது. மீசை வைத்திருக்கிறான். ஷூ லேஸ் மட்டும் இன்னும் அக்காதான் கட்டுவாள். அவன் அடுப்புப் பக்கம் போனால் நாங்கள் குடியிருக்கும் காப்பெல் ஊரையே கூட்டிவிடுவாள். "கை சுட்டுரும் மக்களே, அம்மா பண்ணித் தரேன்." அவனுக்கு இருந்ததோ ஒரே ஆசை, தன் ஆம்லெட்டைத் தானே போட்டுச் சாப்பிட வேண்டும். இந்த வீட்டில் அதற்கு அனுமதி வாங்குவதற்குள் கிரீன் கார்டே வாங்கிவிடலாம்.

முதல் நாள் கிளாஸில் யானைப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னார் டீச்சர் கெல்லி. ரூஃபஸ் பச்சை அடித்தான். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள். 'அவனுக்கு ஷை' என்று சொல்லி கேமராவையும் ஆஃப் பண்ணினாள். அன்றிலிருந்து ரூஃபஸ் பேரில் வரைந்ததும் அவள்தான், சாட்டில் பதில் போட்டதும் அவள்தான். "குட் ஜாப், ரூஃபஸ்!" என்று கெல்லி சொல்லும்போது இவளுக்கு முகமெல்லாம் பல்.

நான் அதே வீட்டில் மாடியறையில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பவள். ஒருநாள் கிளாஸ் நேரத்தில் காப்பி போடக் கீழே இறங்கினால், கிச்சனில் ரூஃபஸ். வாணலியில் ஓட்டோடு கருகிய முட்டை.

"சித்தி, ஷ்ஷ்," என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. கத்தி பிடிக்க மட்டும் சொல்லிக்கொடுத்தேன். அக்காவிடம் சொன்னால் கிளாஸை நிறுத்துவாள், கிளாஸ் நின்றால் பையனின் வளர்ச்சியும் நின்றுபோகும். அறைக்குள்ளே அவள் 'சமையலறைப் பாதுகாப்பு' க்விஸ்ஸில் முழு மார்க் வாங்கிய அன்று, வெளியே இவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

கடைசி நாள் எல்லாரும் கேமரா முன்னால் வந்து, செய்ததைக் காட்ட வேண்டும் என்று கெல்லி சொல்லிவிட்டார். அக்கா அவனுக்குச் சட்டையை அயர்ன் பண்ணி மாட்டிவிட்டு, தான் வரைந்த மயிலைக் கையில் திணித்தாள்.

"டெல் அஸ் அபவுட் யுவர் பீகாக், ரூஃபஸ்!"

"அம்மா மேட் இட்," என்றான். "ஐ மேக் ஆம்லெட்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே கிச்சனுக்கு நடந்தான். அக்கா பின்னாலேயே ஓடினாள்.

"டேய், அடுப்பு! அடுப்பு!"

"மாம், லெட் ஹிம்," என்றார் கெல்லி.

அக்கா ஒதுங்கி நின்றாள். இதையே நான் பத்து வருஷமாகச் சொல்கிறேன், வெள்ளைக்காரி சொன்னால்தான் காதில் ஏறுகிறது.

முட்டையை உடைத்தான். ஓடு விழவில்லை. வெங்காயம், மிளகுத்தூள் போட்டு அழகாகத் திருப்பினான். திரை முழுக்கக் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு துண்டைப் பிய்த்து ஊதி அக்காவுக்கு ஊட்டினான். அவளும் அழுதாள். அழுதுகொண்டே "உப்பு கம்மி" என்றாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்! எல்லாம் இந்த கிளாஸாலதான். இனி கிளாஸே வேண்டாம் மக்களே. டெய்லி அம்மா பக்கத்துலயே நின்னு சொல்லித் தரேன்," என்றாள்.

ரூஃபஸின் முகம் தொங்கிப்போயிற்று. அடுப்பை அணைத்தான். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக் குனிந்தான்.

"மிஸ் கெல்லி, நெக்ஸ்ட் கிளாஸ் வென்? ப்ளீஸ் டேக் அம்மா."