அக்காவுக்கு எட்டாத உயரம்

தையல்காரருக்கு வாய் ஒரு பிறவி வியாதி. எதிராளி பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே மீதியை இவர் முடித்துவிடுவார், அதுவும் தப்பாக. அக்கா இரண்டு வருடமாகப் பேசாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த அக்கா ஒருநாள் தம்பி மனைவிக்குப் போன் செய்தாள். "போன்ல அவன்கூட மாரடிக்க என்னால ஆகாதும்மா. ரேடியோல வரச் சொல்லு. அதுல ஒருத்தர் ‘ஓவர்’னு சொன்னாத்தான் அடுத்தவர் பேச முடியும். மூணு ஞாயித்துக்கிழமை, காலைல பத்து மணிக்கு உக்காந்திருப்பேன். அதோட சரி."

வீட்டிலிருந்தே ஒருவரோடொருவர் பேசும் ஹாம் ரேடியோவுக்கு இருவரிடமும் உரிமம் இருந்தது. இடையில் இருநூறு கிலோமீட்டர். தையல்காரர் ஆன்டெனாவுக்காக இருபது மீட்டர் கம்பியைத் தையல் டேப்பால் அளந்து, மடிப்புக்கு விடுவதுபோல் ஒரு சாண் கூடுதலாகவே வெட்டினார்.

"அக்கா உயரத்தப் பத்தியும் சொன்னாங்க. கம்பிய ரொம்ப…" என்று ஆரம்பித்தாள் மனைவி.

"ஒசரமாக் கட்டணும், அதானே? எனக்கேவா!"

மூன்றாவது மாடிக்கு மேலே, இரண்டு குழாய் நட்டு, நேர்க்கோடாக இழுத்துக் கட்டினார். முதல் ஞாயிறு, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி யாரோ தக்காளிச் செடிப் பூச்சியைப் பற்றிப் புலம்பியது பக்கத்து அறை போலக் கேட்டது. அக்கா வெறும் இரைச்சல். அடுத்த வாரம் இன்னும் இரண்டு மீட்டர் ஏற்றினார். இரைச்சலும் தேய்ந்தது.

"இப்பவாவது முழுசாச் சொல்லலாமா?" என்றாள் மனைவி. "ரொம்ப ஒசத்தாதேன்னாங்க. இருநூறு கிலோமீட்டர்னா ரேடியோவுக்குக் கிட்டத்தானாம், அலை செங்குத்தா மேல போய், வானத்துல பட்டுத் திரும்பி விழணுமாம். ஒசத்திக் கட்டினா சாய்ஞ்சு போய் அவங்க ஊரையே தாண்டிருமாம்."

தையல்காரர் முதல்முறையாக ஒரு பேச்சைக் கடைசிவரை கேட்டார்.

மூன்றாம் ஞாயிறு விடிந்ததும், கம்பியின் நடுவை முதல் மாடி ஜன்னலுக்கு இறக்கி, முனைகளைக் கொல்லைச் சுவரின் இரு மூலைகளுக்குச் சரித்துக் கட்டினார். கவிழ்த்த சட்டைக் காலர் மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு அக்கா வந்தாள், இருமல்கூடத் துல்லியமாக. இரண்டு வருடத்து மனத்தாங்கலை நிறுத்தாமல் கொட்டினாள். நாலாவது நிமிடமே அவர் விரல் மைக் பொத்தானுக்குப் போனது. மனைவி மைக்கைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இருபது நிமிடம். கடைசியில், "ஓவர்."

மனைவி மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் பொத்தானை அழுத்தினார்.

"முழுசாக் கேட்டேன்க்கா. தப்பு என் மேலதான். ஓவர்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"யாருங்க அது? வழி தவறி வந்துட்டீங்களா? என் தம்பிய வரச் சொல்லுங்க. ஓவர்."